அரை மைல் பெட்ரோல்

ஓடிக்கொண்டிருந்த வண்டி நின்றுவிட்டது என்று பட்டறைக்கு வருகிறவர் இரண்டைக் கொண்டுவருகிறார். ஒன்று வண்டி. மற்றொன்று, அது ஏன் நின்றது என்று அவர் ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருக்கும் காரணம். இரண்டையும் உள்ளே விடுங்கள். தனித்தனியாக நிறுத்துங்கள்.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது பட்டறை இல்லை. ஸ்பேனர் பிடிப்பதற்கு முன் இரண்டு வருடம் ஒரு மாலைப் பத்திரிகைக்கு ஆம்பூரிலிருந்து செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். விபத்து, தீ, தண்ணீர்த் தகராறு. நான் கண்டதையும் பிறர் சொன்னதையும் ஒரே வாக்கியத்தில் எழுதினால் செய்தி திரும்பி வந்துவிடும். அந்தப் பழக்கம் பிறகும் போகவில்லை. வேலைக்கு வரும் ஒவ்வொரு வண்டிக்கும் நோட்டில் எதிரெதிராக இரண்டு பக்கம் ஒதுக்குவேன். இடது பக்கம் பார்த்தது. வலது பக்கம் கேட்டது.

நீங்கள் புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கிறீர்கள். பழைய கார்களை எடுத்துச் செய்யப்போகிறோம் என்று உங்களில் இரண்டு மூன்று பேர் என்னைப் பார்க்க வந்தீர்கள். அதனால் இதை எழுதுகிறேன். இந்தக் கதையில் வண்டி சரியாகிவிடும். ஆனாலும் நான் நன்றாகச் செய்த வேலைகளில் ஒன்றாக இதை எண்ணுவதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. ஆம்பூருக்கு வெளியே பாலாற்றை ஒட்டிய ஒரு தோல் தொழிற்சாலையிலிருந்து அந்தக் கார் வந்தது. ஐம்பதுகளில் இங்கிலாந்தில் செய்தது. கரும்பச்சை நிறம், ஆமை ஓடு மாதிரி முதுகு. தொழிற்சாலையை ஆரம்பித்த முதலாளி இளவயதில் வாங்கியது. மகன்கள் புதுப்புதுக் கார்களாக மாற்றியபோதும் அவர் அதில்தான் போய்வந்தார். எல்லோரும் அவரைப் பெரியவர் என்பார்கள். அவர் இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

காரைக் கொண்டுவந்தவர் அவருடைய டிரைவர் கன்னியப்பன். ஐம்பத்தைந்து வயது இருக்கும். முப்பது வருடமாக அந்த ஒரே வண்டி, அந்த ஒரே முதலாளி.

"மேஸ்திரி, இது நிக்குது."

"எப்போ?"

"உச்சி நேரத்துல."

"எந்த இடத்துல?"

"கபர்ஸ்தான் சுவரு ஓரம். பெரியவர அடக்கம் பண்ண இடத்துக்கு நேரா."

"டெய்லியா?"

"வேல நாள்ல டெய்லிதான். நான் தனியா போனா மட்டும் நிக்கும். சின்ன முதலாளி ஒக்காந்திருந்தா நிக்காது. காலைல நிக்காது, சாயங்காலம் நிக்காது."

நான் சிரிப்பதற்குத் தயாரானேன். அவர் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன்.

"அப்புறம் எப்படிக் கிளப்பறீங்க?"

"தண்ணி ஊத்துவேன்."

"ரேடியேட்டர்லயா?"

"அவருக்கு."

முதல் நாள் வண்டி நின்றபோது சூடேறிவிட்டது என்று நினைத்து, டிக்கியைத் திறந்து தண்ணீர் கேனை எடுத்திருக்கிறார். ரேடியேட்டர் நிறைந்து இருந்தது. கேனும் கையுமாக நின்றவருக்கு என்ன தோன்றியதோ, சுவர் இடிந்திருந்த பக்கமாக உள்ளே போய், வீட்டுக்காரர்கள் செய்ததைப் பார்த்திருந்தபடி புது மண் மேட்டின்மேல் தண்ணீரை ஊற்றியிருக்கிறார். திரும்பி வந்து கேனை டிக்கியில் வைத்துச் சாத்திவிட்டு உட்கார்ந்து சாவியைத் திருப்பினால், ஒரே இழுப்பில் வண்டி கிளம்பிவிட்டது. மறுநாளும் நின்றது. மறுநாளும் ஊற்றினார். கிளம்பியது.

"சில நாள் ஒரு தபா பத்தாது மேஸ்திரி. ரெண்டாவது தபா போய் ஊத்தணும்."

நான் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பார்த்தேன். பின்னால் வருவதைக் காட்டும் கண்ணாடி கூரையைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

"இன்னா இது, கண்ணாடி மேல பாக்குது?"

"நான்தான் திருப்பி வெச்சேன். பின்சீட்டு தெரியுது."

தொழிற்சாலையில் சொல்லிக்கொண்டிருந்ததை ஏற்கெனவே அரைகுறையாகக் கேட்டிருந்தேன். மீதியை அவரே சொன்னார். ஒரு காலை பெரியவருக்கு நெஞ்சுவலி. பின்சீட்டில் படுக்கவைத்து வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். மகன் சின்ன முதலாளியும் கூட ஏறினார். வீட்டை விட்டுப் போய் நெடுஞ்சாலையில் ஏறும் இடத்தில் வண்டி நின்றுவிட்டது. கன்னியப்பன் பானெட்டைத் திறந்தார், டிக்கியைத் திறந்து டூல்ஸ் பையை எடுத்தார், பிளக்கைக் கழற்றித் துடைத்துப் போட்டார். ஒருவழியாகக் கிளம்பியது. பள்ளிகொண்டா தாண்டுவதற்குள் பெரியவரின் மூச்சு நின்றிருந்தது. கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாமே என்று ஆஸ்பத்திரியில் யாரோ சொன்னார்கள்.

அதன்பிறகு யாரும் கன்னியப்பனைத் திட்டவில்லை. சின்ன வயதிலிருந்து அவரை "அண்ணே" என்று கூப்பிட்டுவந்த சின்ன முதலாளி, அடக்கம் முடிந்த மறுநாளிலிருந்து "டிரைவர்" என்று கூப்பிட ஆரம்பித்தார். அவ்வளவுதான்.

"வண்டி சரியாவணும்னுகூட நான் கேக்கல மேஸ்திரி. அன்னிக்கு ஏன் நின்னுச்சு? என் கையாலயா, இல்லியா? அது தெரியணும் எனக்கு."

இதை வலது பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் சின்ன முதலாளி வந்தார். முப்பத்தைந்து வயது, பொறுமையாகப் பேசுகிறவர்.

"வெள்ளிக்கிழம வரைக்கும் பாருங்க மேஸ்திரி. முடியலன்னா வண்டிய உடைக்கக் குடுத்துடறேன். டிரைவரையும் வீட்ல ரெஸ்ட் எடுக்கச் சொல்லிடறேன்."

"அவர் இன்னா பண்ணாரு?"

"ஃபேக்டரில லேடீஸ் அந்த ரோட்ல வர மாட்டேன்றாங்க. சுத்திக்கினு வர்றாங்க. லேட்டாவுது. பேஜாரா போச்சு." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "நடிக்கிறாரா, நெஜமாவே மூள கலங்கிடுச்சான்னு தெரியல. அன்னிக்கு ஆனதுக்கு வண்டிய காரணமாக் காட்டறாரோன்னு தோணுது."

அந்த வண்டி எனக்குப் புதிது இல்லை. பெரியவர் இறப்பதற்கு இரண்டு மாதம் முன்னால் அதன் பழைய பெட்ரோல் பம்ப் போய்விட்டதென்று வேறொன்று மாற்றிக் கொடுத்திருந்தேன். அந்தக் கார்களில் பம்ப் மின்சாரத்தில் ஓடும். டிக்கிக்குள் பக்கத் தகட்டில் பொருத்தியிருக்கும். சாவியைத் திருப்பினால் பின்னாலிருந்து டிக் டிக் என்று கேட்கும். அங்கிருந்து பெட்ரோலைத் தள்ளி, முன்னால் கார்புரேட்டரில் இருக்கும் சின்னக் கிண்ணத்தை நிரப்பும். கிண்ணத்திலிருந்து என்ஜின் குடிக்கும்.

திங்கட்கிழமை என்ஜினுக்கு மின்பொறி கொடுக்கும் பாயிண்ட், கண்டென்சர், காயில் மூன்றையும் மாற்றினேன். சின்ன முதலாளியை ஏற்றிக்கொண்டு கபர்ஸ்தான் வழியாக இரண்டு தடவை போய்வந்தேன். நிற்கவில்லை. செவ்வாய்க்கிழமை உச்சியில் கன்னியப்பன் தனியாகச் சாப்பாட்டு கேரியர் எடுக்கப் போனபோது நின்றது.

அன்று மதியத்துக்குமேல் கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினேன். டாங்கை இறக்கி, துருவை அலசி, மூடியில் காற்றுப் போகும் துளையைப் பார்த்தேன். புதன்கிழமை உச்சி நேரத்தில் பட்டறையிலிருந்து நானே தனியாக எடுத்துக்கொண்டு, வேண்டுமென்றே அந்தச் சுவரோரம் மெதுவாகப் போனேன். நிற்கவில்லை. தொழிற்சாலையில் விட்டேன். கன்னியப்பன் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பினார். நின்றது.

பம்பைத் தொடவில்லை. அது புதியது. நானே பொருத்தியது.

வியாழக்கிழமை உச்சிக்கு நான் தொழிற்சாலைக்கே போய் அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன்.

சாப்பாட்டுச் சங்கு ஊதியிருந்தது. ஆனாலும் தோல் பதப்படுத்தும் பெரிய மர டிரம்கள் நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு சுற்றுக்கும் உள்ளே ஈரத் தோல் மொத்தமாகப் புரண்டு விழும் சத்தம்: தும்... தும்... பேச வேண்டுமென்றால் கத்த வேண்டும். கேட்டில் வாட்ச்மேன் நரசிம்மன் கையைக் காட்டி நிறுத்தினார். மிலிட்டரியில் இருந்து வந்தவர். வண்டிக்குள் குனிந்து பார்த்து, டிக்கியைத் திறந்து பார்த்து, சாத்தி, நோட்டில் எழுதி, சல்யூட் அடித்து அனுப்பினார். ரோட்டில் திரும்பினோம்.

கன்னியப்பன் நன்றாக ஓட்டினார். கியர் மாற்றுவது தெரியவில்லை. ரோட்டில் ஆள் இல்லை. லேடீஸ் சுற்றிப் போகிறார்கள் என்றது உண்மைதான். இடது பக்கம் காலி மைதானத்தில் சட்டங்களில் ஆணி அடித்து விரித்த தோல்கள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. பிறகு வெள்ளையடித்த சுவர் ஆரம்பித்தது.

"இப்போ பாருங்க," என்றார்.

வண்டி வெடுக்கென்று நிற்கவில்லை. முதலில் ஒரு இழுப்பு குறைந்தது. அவர் ஆக்சிலேட்டரை அழுத்தினார். என்ஜின் ஒரு தடவை எழுந்து, தாழ்ந்து, மறுபடியும் பாதி எழுந்தது. பிறகு மூச்சை விட்டது. வண்டி சுவரின் இடிந்த பகுதிக்கு நேராக உருண்டு போய் நின்றது.

"பெரியவரும் இப்டிதான் மேஸ்திரி," என்றார் கன்னியப்பன், முன்னாலேயே பார்த்தபடி. "ஒரு தபா இழுத்தாரு. கொஞ்சம் நிறுத்திக்கினாரு. மறுபடி பாதி இழுத்தாரு."

என்ஜின் சத்தம் போனதும் டிரம் சத்தம் கேட்டது. அவ்வளவு தூரத்தில் அது சத்தமாக வரவில்லை. இருக்கை வழியாக, முதுகில், ஒரே சீராக வந்தது. காற்று இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் வேப்பமரத்தில் ஒரு இலைகூட ஆடவில்லை. பின்சீட்டில் ஸ்பிரிங் ஒன்று கிண் என்றது. வெயிலில் நிற்கும் வண்டியில் அப்படிக் கேட்கும், எனக்குத் தெரியும். ஆனாலும் நான் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியை ஏன் மேலே திருப்பி வைத்தார் என்று அப்போது புரிந்தது.

நான் இறங்கிப் பானெட்டைத் தூக்கினேன். கையில் ஸ்க்ரூ டிரைவர் இருந்தது. கார்புரேட்டர் கிண்ணத்தின் மூடியில் சில திருகுகள்தான். கழற்றிப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

கன்னியப்பன் கேனை எடுத்துக்கொண்டு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். இடிந்த சுவர் வழியாக எனக்குத் தெரிந்தது. மண் மேட்டின் தலைமாட்டிலிருந்து கால்மாட்டு வரை மெதுவாக, சொட்டு வீணாகாமல் ஊற்றினார். அவர் இந்து. அங்கே என்ன சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. ஒன்றும் சொல்லாமல் நின்றார். நானும் ஒன்றும் செய்யாமல் நின்றேன். அந்த நேரத்தில் திருகைத் தொடுவது மரியாதை இல்லை என்று நினைத்தேன். அப்போது அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயந்திருந்தேன்.

அவர் வந்து கேனை வைத்தார். டிக்கியைச் சாத்தினார். உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். வண்டி கிளம்பியது.

அன்று பட்டறைக்குத் திரும்பி நோட்டைத் திறந்தேன். வலது பக்கத்தில் 'பெரியவர் கூப்பிடுகிறார்' என்று எழுதினேன். யார் சொன்னது என்று அதன் கீழ் எழுதுவது வழக்கம். கன்னியப்பன் அப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சின்ன முதலாளி சொல்லவில்லை. சொன்னவர் பெயர் எழுதும் இடம் காலியாகவே இருந்தது. அந்த வாக்கியம் என்னுடையது.

இதைத்தான் உங்களுக்கு முதலில் சொல்ல நினைத்தேன். நின்ற வண்டியை அவசரப்பட்டுக் கிளப்பாதீர்கள். அது நின்றிருக்கும்போதுதான் உண்மையைக் காட்டுகிறது. கிளம்பிவிட்டால் மூடிக்கொள்கிறது. நான் அந்த ஒரு நிமிடத்தை விட்டேன்.

இடது பக்கத்தில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: 'மூச்சு வாங்கி நின்றது.' அதை மூன்று தடவை படித்தேன். மின்சாரம் அறுந்தால் என்ஜின் வெட்டியதுபோல நிற்கும். இப்படி இழுத்து இழுத்து நிற்பது பெட்ரோல் தீர்ந்தால். பட்டறையில் சேர்ந்த முதல் மாதம் தெரிந்துகொள்ளும் விஷயம். அந்தச் சுவரோரம் எனக்கு அது மறந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குத் தொழிற்சாலை கேட்டுக்கு எதிரே டீக்கடையில் கன்னியப்பனை உட்காரவைத்துக் கேட்டேன்.

"வேற எங்கயாவது நின்னுருக்குதா?"

"இல்ல மேஸ்திரி."

கேட்டிலிருந்து டீக்கு வந்திருந்த நரசிம்மன் திரும்பினார். "ஏம்பா, ஸ்கூல் கிட்ட நிக்கல? பசங்கள்லாம் வந்து தள்ளறேன்னு நின்னானுங்களே. நீதானே சொன்னே."

"அது சும்மா நின்னது."

"சும்மா நிக்கறது வேற, சாமி வந்து நிக்கறது வேறயா? நல்லாருக்குதுயா."

"எப்போ?" என்று கேட்டேன்.

கன்னியப்பனுக்குச் சொல்ல விருப்பம் இல்லை. கபர்ஸ்தான் ரோட்டில் பைப்புக்குப் பள்ளம் தோண்டிய ஒரு நாள் ஸ்கூல் ரோடு வழியாகப் போயிருக்கிறார். அங்கே நின்றது. டிக்கியிலிருந்து துணி எடுத்துக் கையைத் துடைத்தார். சும்மா முயற்சி செய்தார். கிளம்பியது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மறைக்கவும் இல்லை. அது அவருடைய கணக்கில் சேரவில்லை, அவ்வளவுதான்.

அந்தக் காரில் மைல் மீட்டரின் கடைசி எண் பத்தில் ஒரு மைலைக் காட்டும். இருவரும் ஏறினோம். கேட்டிலிருந்து கிளம்பும்போது எண்ணைக் குறித்தேன். சுவர் இடிந்த இடத்தில் பார்த்தேன்: ஐந்து எண் தாண்டியிருந்தது. அரை மைல். திரும்பி வந்து மறுபடி கேட்டிலிருந்து ஸ்கூல் ரோட்டில் போனேன். எந்த இடம் என்று அவர் காட்டினார். அரை மைல்.

"இப்போ பெரியவர் வீட்டுக்குப் போங்க," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். போனார். வீட்டு வாசலில் குறித்தேன். நெடுஞ்சாலையில் ஏறும் இடத்தில், எதுவும் கேட்காமல் அவரே பிரேக் போட்டார். நான் மீட்டரைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். ஐந்து எண்.

லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அந்த வாரத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்தது அப்போதுதான். உச்சி வெயிலும் டிரம் சத்தமும் இல்லாத, டீசல் புகை நிறைந்த ஒரு ரோட்டோரத்தில்.

கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் அரை மைல் வரும். அப்படியென்றால் வண்டி சுவரோரம் சாகவில்லை. கிளம்பும் இடத்திலேயே பம்ப் நின்று செத்துவிடுகிறது. மீதி அரை மைலை உயிர் இருப்பதுபோல ஓடிக் கடக்கிறது. சுவரில், பள்ளிக்கூடத்தில், நெடுஞ்சாலையில் எதுவும் இல்லை. கேட்டில் என்ன நடக்கிறது? அன்று வீட்டு வாசலில் என்ன நடந்தது?

தொழிற்சாலைக்குத் திரும்பினோம். கன்னியப்பனை டீக்கடையில் விட்டுவிட்டு, காரைக் கேட்டுக்கு வெளியே தள்ளிக் கொண்டுவந்து நிறுத்தி, நரசிம்மனிடம் கேட்டேன்: "வண்டி வெளிய போனா இன்னா பண்ணுவீங்க, மொத்தமும் பண்ணிக் காட்டுங்க."

"முதலாளி உள்ள இருந்தா சல்யூட். இல்லன்னா செக்கிங். தோல் காணாப்போவுதுன்னு சின்ன முதலாளி புது ஆர்டர். யாரா இருந்தாலும் டிக்கிய திறக்கணும்."

"நேத்து நான் இருந்தப்பவும் திறந்தீங்க இல்ல."

"நீங்க முதலாளி இல்லியே."

தனியாகப் போனால் மட்டும். தொழிற்சாலையிலிருந்து கிளம்பினால் மட்டும். உச்சி நேரத்தில் மட்டும், ஏனென்றால் அவர் தனியாகப் போவது அப்போதுதான். ஒரு வாரமாக நான் பேய்க்குக் கொடுத்து வைத்திருந்த மூன்று சாட்சியங்களும் அந்த ஒரு ஆர்டரில் இருந்தன. நேற்று டிக்கி திறந்ததை என் கண்ணால் பார்த்தேன். இடது பக்கத்தில் எழுதவில்லை. தினமும் நடக்கும் விஷயத்தை யார் எழுதுவார்கள்?

சாவியைத் திருப்பினேன். பின்னால் போய்த் தகட்டில் காதை வைத்தேன். டிரம் சத்தத்துக்கு நடுவில் அது லேசாகக் கேட்டது. டிக், டிக், டிக்.

"சாத்துங்க. தினம் சாத்தற மாதிரி."

மிலிட்டரிக்காரர் சாத்தினார். டிக் நின்றது.

"மறுபடி."

டிக் வந்தது. மறுபடி. நின்றது. நான்காவது தடவை சாத்தியபோது வரவில்லை, ஐந்தாவதில் வந்தது. சில நாள் இரண்டாவது தபா ஊற்ற வேண்டும் என்று கன்னியப்பன் சொன்னது இதுதான். அவர் கேனை எடுக்கத் திறந்து, வைத்துச் சாத்தும்போதெல்லாம் பம்புக்கு உயிர் வந்திருக்கிறது.

நரசிம்மனைப் போகச் சொல்லிவிட்டு டிக்கிக்குள் தலையை விட்டேன். பம்பின் எர்த் ஒயர் தகட்டில் ஒரு நட்டால் பிடித்திருந்தது. விரலால் தொட்டேன். நட் சுற்றியது. டிக்கி சாத்தும் அதிர்ச்சியில் ஒயர் தகட்டை விட்டு விலகும், அடுத்த அதிர்ச்சியில் ஒட்டும். நட் தளராமல் பிடிக்க அதன் கீழே இருக்க வேண்டிய ஸ்பிரிங் வாஷர் இல்லை.

எங்கே போனது என்று எனக்குத் தெரியும். பம்ப் மாற்றிய அன்று என் விரலிலிருந்து நழுவி, பட்டறை வாசல் மணலில் விழுந்தது. குனிந்து ஒரு பார்வை பார்த்தேன். கிடைக்கவில்லை. நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கினால் போதும் என்று இறுக்கிவிட்டு மூடினேன். விரல் நகம் அளவு இருக்கும் அது. பாயிண்ட், காயில், டாங்க், டிரைவர், பேய் என்று ஐந்து நாள் சந்தேகப்பட்டேன். வண்டியில் கடைசியாகக் கை வைத்தவன் யார் என்று நோட்டின் இரண்டு பக்கத்திலும் எழுதவில்லை.

சட்டைப் பையில் புது வாஷர் இருந்தது. டிக்கி மூடி என்னை மறைத்துக்கொண்டிருந்தது. ரோட்டில் யாரும் இல்லை. போட்டு இறுக்க இரண்டு நிமிடம். ஒயர் லூஸ், பழைய வண்டி என்று சொன்னால் சின்ன முதலாளி நம்புவார். கன்னியப்பனுக்கு வேலை இருக்கும். அந்தத் தொழிற்சாலையின் மூன்று லாரியும் இரண்டு காரும் என் பட்டறைக்குத் தொடர்ந்து வரும். யாருக்கும் நஷ்டம் இல்லாத பொய். நல்ல வேலைக்காரர்கள் மாட்டிக்கொள்வது இதில்தான் என்று இப்போது நினைக்கிறேன். ஆனால் அவர் கேட்டது வேலையை இல்லை. என் கையாலயா, இல்லியா என்று கேட்டிருந்தார்.

எவ்வளவு நேரம் தலையை உள்ளே வைத்திருந்தேன் என்று தெரியாது. பிறகு எதையும் தொடாமல் வெளியே வந்து, டீக்கடையைப் பார்த்துக் கையைக் காட்டினேன்.

நட்டைக் காட்டினேன். சுற்றச் சொன்னேன். சுற்றினார். சாத்தினேன், திறந்தேன், டிக் வருவதையும் போவதையும் கேட்கச் சொன்னேன். வாஷர் விழுந்ததைச் சொன்னேன். தேடாமல் விட்டதைச் சொன்னேன்.

"உங்க கையால இல்ல கன்னியப்பன். என் கையால."

அவர் டிக்கிக்குள் பார்த்திருக்க, பையிலிருந்த வாஷரைப் போட்டு நட்டை இறுக்கினேன்.

"அன்னிக்குக் கிளம்பறப்ப டிக்கிய யார் சாத்துனது?" என்று கேட்டேன். அவசியமில்லாத கேள்வி. செய்திக்காரன் புத்தி.

"சின்ன முதலாளி. தலகாணி, போர்வ, ஃபிளாஸ்க்கு எல்லாம் வெச்சு ஓங்கி சாத்துனாரு. அவசரம்." பிறகு என் பக்கம் திரும்பினார். "அத மட்டும் அவருகிட்ட சொல்லாதீங்க. அந்தப் புள்ள தாங்காது."

சொல்லவில்லை. வாஷர் போடாமல் விட்டது நான், அதனால் பம்ப் நின்றது, டிரைவர்மேல் தப்பு இல்லை என்று மட்டும் சின்ன முதலாளியின் அறையில் நின்று சொன்னேன். டிக்கி, கேட், செக்கிங் எதையும் சொல்லவில்லை. அவர் மேஜைமேல் இருந்த தோல் துண்டு ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதினொரு நிமிஷம் நின்னோம்," என்றார். "வாட்ச்சப் பாத்துக்கினே இருந்தேன்."

"ஆமாங்க."

"இனிமே எங்க வண்டி உங்க பட்டறைக்குள்ள வராது மேஸ்திரி. போய்ட்டு வாங்க."

நான் வெளியே வந்தபோது அவரும் பின்னாலேயே வாசல் வரை வந்தார். முற்றத்தில் கன்னியப்பன் நின்றிருந்தார். "அண்ணே, சாப்பாட்டுக்கு லேட்டாவுது. வண்டிய எடுங்க," என்று சொல்வது என் காதில் விழுந்தது.

அந்தக் குடும்பம் இப்போது ஆம்பூரில் இல்லை. கன்னியப்பனும் உயிரோடு இல்லை. அதனால் டிக்கி விஷயத்தையும் சேர்த்து எழுதிவிட்டேன்.

அடுத்த மாதம் முதல் தேதி, உச்சி நேரம், பட்டறைக்கு எதிரே ரோட்டோரம் பச்சைக் கார் வந்து நின்றது. முதலாளி சொன்னபடி உள்ளே வரவில்லை. கன்னியப்பன் இறங்கி டிக்கியைத் திறந்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மேஸ்திரி, தொட்டுப் பாருங்க."

ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ரோட்டைக் கடந்து போனேன். நட்டில் வைத்து அழுத்தினேன். அசையவில்லை. நான் அழுத்துவதை அவர் கடைசி வரை பார்த்தார். அதன்பிறகு டிக்கியைச் சாத்திவிட்டுப் போனார்.

அதற்கடுத்த மாதமும் வந்தார். அவர் ஓட்டுவதை நிறுத்தும்வரை, ஒன்பது வருடம், ஒரு மாதம்கூட விடவில்லை. ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. கண்ணாடியைக் கீழே திருப்பி வைத்திருந்தார். இறங்குவதற்கு முன் அதில் தலையைச் சீவிக்கொள்வார். ஒருமுறை எனக்குக் காய்ச்சல் என்று வீட்டில் படுத்திருந்தேன். வீட்டு வாசலில் ஹாரன் கேட்டது. எழுந்து ஸ்பேனரோடு போனேன். நட் அந்த ஒன்பது வருடத்தில் ஒரு இழைகூட அசைந்ததில்லை என்று இருவருக்கும் தெரியும். போதும் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.